கழுக்குன்றம் தாண்டிய வாசனை

என் மகன் மேசைமேல் வைத்துவிட்டுப் போன சென்ட்டுப் புட்டி உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவுதான். பழுப்புக் கண்ணாடி, கறுப்பு மூடி. இடது மணிக்கட்டில் ஒரு அமுக்கு அமுக்கினேன். முதலில், ஆரஞ்சுப் பழம் உரிக்கும்போது தோலிலிருந்து தெறிக்குமே, அந்த உறைப்பு. அது அடங்கியதும் ரோஜா வந்தது. கல்யாண வீட்டுப் பன்னீர் அளவுக்கு இல்லை, பக்கத்து அறையில் யாரோ பூ தொடுக்கிற அளவுக்கு. அதற்கும் பின்னால் வேறொன்று எழுந்தது. புதுத் தோல்பையின் ஜிப்பைத் திறந்து முகத்தை உள்ளே விட்ட மாதிரி இருந்தது. கையை மூக்கை விட்டு எடுக்கவே இல்லை நான். எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் கடைக்கு வந்துகொண்டிருந்த தோல்கம்பெனி அக்கா நினைவில் வந்து நின்றுவிட்டார்.

"இன்னாடா இது?" என்று மகனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "லேடீஸ் லெதர் பர்ஃப்யூம் நைனா" என்றான். "தோல் வாசனைய டப்பு குடுத்து எவடா வாங்குவா?" "நீ வேற நைனா. படூர் கடைல வெச்ச மூணாம் நாளே காலி. காலேஜ் பொண்ணுங்க கேட்டுகினே கீதுங்க. கைச்செலவு காசுல வாங்கற வெலதான?" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு ஓரம் வளையலும் ரிப்பனும் பரப்பிய ஒரு மரப்பெட்டியில் ஆரம்பித்து, செங்கல்பட்டு, மறைமலைநகர், படூர் என்று மூன்று ஃபேன்ஸி ஸ்டோர் வைத்தேன். யாரும் தூக்கிவிடவில்லை, என் மூக்குதான் தூக்கிவிட்டது. சென்ட்டு லேபிளை வாசிக்கத் தெரியாததால் மூக்கால் வாசித்தேன். படித்தவர்கள் கொண்டுவந்து காட்டிய சரக்கில் எது ஓடும், எது தூங்கும் என்று நான் சொன்னது தப்பியதில்லை. ஒரே ஒரு தடவை தப்பியது. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

சென்ட்டுக்கு வாசனை முக்கியமில்லை, நிற்பதுதான் முக்கியம். கடையில் மணப்பது எல்லாம் மணக்கும். வெயிலில், வேர்வையில், கூட்டத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு என்னிடம் ஒரு அளவு இருந்தது, மாமல்லபுரம் பஸ். செங்கல்பட்டில் போட்டுக்கொண்டு ஏறினால் மட்டமான சரக்கு ஊர் எல்லையிலேயே போய்விடும். நடுத்தரம் திருக்கழுக்குன்றம் வரை வரும். மலைக்கோயிலைத் தாண்டியும் நின்றால் அது சரக்கு. தினமும் அந்த பஸ்ஸில் போய்வந்து எனக்குச் சேதி சொன்னவர்தான் தோல்கம்பெனி அக்கா. என்னைவிட இளையவர்தான். கடை வழக்கத்தில் நான் அக்கா என்பேன், அவர் அண்ணாத்த என்பார். மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் கடலோரக் குப்பத்திலிருந்து செங்கல்பட்டுத் தோல்பைக் கம்பெனிக்கு வேலைக்கு வருவார். உடம்பில் ஊறிய தோல் வாசனை தெரியாமலிருக்க, சாயங்காலம் பஸ் ஏறும் முன் என் கடையில் ஒரு சொட்டு தடவிக்கொண்டு போவார். மறுநாள் காலையில் வாசலில் நின்றபடியே, "உன் மல்லி ஊரு எல்லையிலயே செத்துப்போச்சு அண்ணாத்த, எடுத்துப் பொதச்சிட்டேன்" என்பார். கடையில் நிற்கிற எல்லாரும் சிரிப்பார்கள்.

ஒரு நாள் கேட்டேன், வீட்டில் மீன் வாசனை இருக்கும்போது தோல் வாசனைக்கு ஏன் இவ்வளவு கவலை என்று. அவர் ஒரு புட்டியைத் திறந்து மூடிக்கொண்டே சொன்னார்: "மீன் கவுச்சி குப்பத்துக்கே கீது, யாரும் மூக்கப் பொத்த மாட்டாங்க. தோல் வாசன எனக்கு மட்டுந்தான கீது." அப்புறம், அதே குரலில், "ஸ்கூல்ல பிரைஸ் குடுக்கறாங்களாம், என் பொண்ணு ஓட்டப்பந்தயத்துல ஃபர்ஸ்ட்டு. நீ வராதமா, பசங்க கிண்டல் பண்ணுதுங்கன்னு சொல்லிச்சு" என்றார். நான் மார்தட்டினேன். "நீ போற அக்கா. உன் பொண்ணு ஸ்கூல் வரைக்கும் நிக்கற மாதிரி நான் போட்டுத் தரேன். நிக்கலன்னா இந்தக் கடைய இழுத்து மூடிடறேன்." "பாத்து அண்ணாத்த, நாளைக்கு ரிப்பன் வாங்க எங்க போவேன்?" என்றார்.

பள்ளிக்கூடம் மாமல்லபுரத்துக்கு முந்தின ஸ்டாப். விழாவன்று அரை நாள் லீவு போட்டு வந்து, கடைக்குப் பின்னால் எங்கள் வீட்டில் முகம் கழுவி, கிளிப்பச்சைப் புடவை மாற்றிக்கொண்டார். நான் சந்தன அத்தர் மேல் மல்லி, மல்லிக்கு மேல் ரோஜா என்று மூன்று அடுக்கு போட்டேன். அந்தத் தோல் வாசனையை அடித்துக் கொல்வது என்று வெறியே வந்துவிட்டது எனக்கு. அவர் பஸ் ஏறும்போது அந்தப் படிக்கட்டே மணத்தது.

மறுநாள் காலை நானே முந்திக்கொண்டு கேட்டேன், "எப்படிக்கா?" "கழுக்குன்றம் வரைக்கும் நல்லா நின்னுச்சு அண்ணாத்த." "அப்புறம்?" "அப்புறம் அதுவும் இதுவும் ஒண்ணா சேந்துகிச்சு. பக்கத்துல ஒக்காந்துகினு இருந்த அம்மா எந்திரிச்சுப் போய் நின்னுகிச்சு." "ஸ்கூலு?" "எறங்கல. டீச்சரம்மா, பசங்க எல்லாம் கேட்டுல நின்னுகினு இருந்தாங்க. பஸ்ஸிலேயே ஒக்காந்துகினு ஊட்டுக்குப் போய்ட்டேன்." பிறகு, "பொண்ணுக்கு ரோஸ் ரிப்பன் ரெண்டு முழம் குடு" என்றார். நான் ரிப்பனை அளந்துகொண்டே சொன்னேன், "பஸ்ல காத்து ஜாஸ்திக்கா. அதான் சரக்கு கலஞ்சிடுச்சு." அவர் என்னைப் பார்த்தார். "ஆமா அண்ணாத்த, காத்துதான்" என்றார். அதற்கப்புறம் ரிப்பன் வாங்கினார், பொட்டு வாங்கினார், சென்ட்டுப் பக்கம் திரும்பவில்லை. ஒரு வருஷத்தில் கம்பெனி வேறு ஊருக்குப் போனது. அக்கா வருவதும் நின்றது. கடையை நான் மூடவில்லை. மூன்றாக்கினேன்.

இந்தப் புட்டியை மோந்த பிறகுதான் என் தப்பு பிடிபட்டது. நான் அந்த வாசனையைக் கொல்லப் பார்த்தேன். இதைச் செய்தவன் அதற்குப் பக்கத்தில் கொஞ்சம் ரோஜாவை உட்காரவைத்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டான். ஆனால் நிற்குமா? மத்தியானம் இரண்டு மணி வெயிலில், இன்னொரு அமுக்கு அமுக்கிக்கொண்டு மாமல்லபுரம் பஸ் ஏறினேன். இரண்டுதான் கணக்கு, மூன்று போட்டால் பக்கத்து சீட்டுக்காரருக்குத் தலைவலி வரும். ஆரஞ்சு உறைப்பு ஊர் எல்லையில் போனது. வேர்வை ஊற ஊற ரோஜா பின்வாங்கியது. தோல் மட்டும் கடுப்பு குறைந்து, பழகின கைப்பை மாதிரி மெத்தென்று ஆனது. மலைக்கோயில் வந்தது, போனது. பக்கத்தில் இருந்த பெண் ஒருத்தி இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். எழுந்து போகப்போகிறாள் என்று நினைத்தேன்.

"பெரியவரே, இன்னா சென்ட்டு போட்டுகினு கீறீங்க? லேடீஸ் சென்ட்டு மாதிரி கீது. ஆனா நல்லா கீது."

"தோல் வாசனைம்மா."

"தோலா? சும்மா சொல்லாதீங்க." மடியில் இருந்த கைப்பையைத் தூக்கி மோந்தாள். "அட, ஆமா. பேர் இன்னா, எங்க கெடைக்கும்?"

வியாபாரி நான். கடை முகவரி நாக்கு நுனியில் இருந்தது. "எங்க அக்கா ஒருத்தங்க தெனமும் இந்த பஸ்ல போட்டுகினு வருவாங்கம்மா" என்று மட்டும் சொன்னேன்.

பள்ளிக்கூட ஸ்டாப்பில் இறங்கினேன். மணி அடிக்கும் நேரம். கேட்டோரம் அம்மாமார்கள் நின்றிருந்தார்கள், நானும் போய் அவர்களோடு நின்றேன். மணிக்கட்டை மூக்கருகில் கொண்டுபோனேன். இருந்தது. வந்த வழியெல்லாம் பஸ்ஸில் ஜன்னல்கள் திறந்துதான் கிடந்தன. அக்காவிடம் நான் சொன்ன அந்தக் காற்றும் அடித்துக்கொண்டுதான் இருந்தது.