கடைமடைக்கு முறை வந்த நாளில் நடந்த பேச்சுவார்த்தை

வந்தவர்கள்: மில் மேனேஜர், வாய்க்கால் ஓரத்து நிலமெல்லாம் யாருடையதோ அந்த மிராசுதார், யூனியன் செயலாளர், மினிட்ஸ் எழுத நான். வராதவர்கள்: வாய்க்கால் முடிகிற கடைமடையில் குத்தகைக்குப் பயிர் வைத்திருந்த அத்தனை பேரும்.

எங்கள் வீட்டில் எஸ்.எஸ்.எல்.சி. தாண்டிய முதல் ஆள் நான். புழுங்கலரிசி மில்லில் கிளார்க் வேலை கிடைத்தபோது, ஊருக்கும் மில்லுக்கும் நடுவில் பேச ஒருவன் வந்துவிட்டதாக நானே நம்பினேன்.

மில்லில் புதிதாக ஊறல் தொட்டி கட்டியிருந்தார்கள். நெல் ஊறவைத்து வடிக்கிற தண்ணீரை வாய்க்காலில் விடலாமா என்பதுதான் பேச்சு. விட்டால் அது கடைமடை வயலில் போய்த்தான் நிற்கும். விவசாயிகளையும் தொழிலாளர்களையும் கலந்து பேசாமல் முடிவெடுக்கக் கூடாது என்று ஹெட் ஆபீஸ் உத்தரவு. மேனேஜர் வியாழக்கிழமை என்று நாள் குறித்தார்.

“சார், அன்னைக்குக் கடைமடைக்கு முறை. மடையை விட்டு ஒருத்தரும் வர மாட்டாங்க.”

“அது என்னப்பா முறை? தண்ணி அதுபாட்டுக்குப் பாயாதா?”

பாயாது. அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் குறைவு. நாள் பிரித்துத்தான் விட்டார்கள். ஆள் நிற்காவிட்டால் மேல்மடைக்காரர் வெட்டித் திருப்பிக்கொள்வார். விளக்கிச் சொன்னேன். “ஹெட் ஆபீஸுக்குத் தேதி எழுதியாச்சு” என்றார்.

வியாழன் காலை கடைமடைக்கு ஓடினேன். கோவிந்தன் மாமா மண்வெட்டியோடு நின்றார். அவர் மனைவி செல்லம்மா எங்கள் மில் களத்தில்தான் நெல் காயப்போடுகிறவர்.

“மாமா, ஒரு எட்டு வந்து சொல்லிட்டுப் போயிடுங்களேன்.”

“வர்றேன். நீ மண்வெட்டியப் புடிச்சுக்கிட்டு நில்லு. நான் போய் உன் நாற்காலில உக்காந்து எழுதறேன்” என்று சிரித்தார். பிறகு, “இன்னிக்குத் தண்ணியத் தவறவிட்டா நட்ட பயிரு காஞ்சிடும் தம்பி. ஊறத் தண்ணி வேணாம்னு கோவிந்தன் சொன்னான்னு எழுதிக்க” என்றார்.

எழுதினேன். மேனேஜர் அந்த வரியைக் கோடு போட்டு அடித்தார். “வராத ஆளு பேசினதா எப்படிய்யா எழுதுவே?”

மிராசுதார், “நெலம் என்னுது. எனக்கு ஆட்சேபணை இல்ல” என்றார். யூனியன் செயலாளர் மில் ஓடினால் போதும் என்றார். டீ வந்தது. கூட்டம் முடிந்தது.

அடுத்த முறையில் கடைமடைக்குப் போனது ஆற்றுத் தண்ணீரும் ஊறல் தண்ணீரும் கலந்த புளித்த நாற்றம். பயிர் வேரோடு அழுகியது. கோவிந்தன் மாமாவும் மற்றவர்களும் வாய்க்காலில் மண் போட்டு அடைத்தார்கள். தண்ணீர் எதிர்த்து வந்து மில் களத்தில் நின்றது. களத்துப் பெண்களுக்கு வேலை இல்லை என்று கேட்டைச் சாத்தினார்கள்.

செல்லம்மா என்னிடம் வந்தார். “ஏன் தம்பி, என்னையும் அவரையும் அடிச்சுக்க விட்டுட்டு, ஒங்க மேனேஜரு, ‘வீட்ல பேசித் தீத்துக்கங்க’ன்னு சொல்றாரே, இதுக்குப் பேருதான் பேச்சுவார்த்தையா?”



இரண்டாம் பேச்சு தாலுகா ஆபீஸில். இந்த முறை கோவிந்தன் மாமா வந்தார். துவைத்த சட்டை போட்டு வந்தார். நஷ்டஈடு பதிவில் பெயர் உள்ளவர்களுக்கு மட்டும் என்றார்கள். குத்தகைதாரர் பெயரைப் பதியச் சட்டம் வந்திருந்தது. பதியப் போனால் மிராசுதார் நிலத்தைப் பிடுங்கிவிடுவார் என்று பயந்து கடைமடையில் யாரும் பதியவில்லை. நஷ்டஈடு மிராசுதாருக்குப் போனது. அறுவடை இல்லாததால் குத்தகை நெல் அளக்க முடியவில்லை. அதையே காரணம் காட்டி, “எடத்த விட்டுடுங்க” என்றார் அவர்.

இந்த வேலைக்கு வரும் தம்பிகளுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். கூட்டத்துக்கு நாள் குறிக்குமுன் அன்று யாருக்கு முறை என்று கேளுங்கள். ஆனால் கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும் என்று நம்பாதீர்கள். எனக்குத் தெரிந்துதான் இருந்தது. தேதி என் கையில் இல்லை.

வாய்க்கால் திறந்தது, களமும் திறந்தது. செல்லம்மாவைத் திரும்பச் சேர்க்கவில்லை. கடைமடையில் ஆறு குடும்பம் நிலத்தை விட்டு இறங்கியது. அந்த நிலம் எல்லாம் கூட்டினால் ஒரு வேலி ஐந்து மா, ஏக்கர் கணக்கில் எட்டுக்குச் சற்று மேல்.