கினுயோ எண்ணிய நரம்புகள்

கிதகாமி மலையில் நிற்கிற பத்து லட்சம் மரங்களையும் என் நாத்தனார் கினுயோ முகம் பார்த்தே இன்னதென்று சொல்லிவிடுவாள். சரி, பத்து லட்சம் கொஞ்சம் கூடுதல்தான். ஊர்க்காட்டில் நானூறு மரம் இருக்கும். அதற்கு மேல் எண்ண அவளுக்குப் பொறுமை கிடையாது.

ஓரிடத்தில் இருப்பவள் இல்லை அவள். மிசோ சூப்பை நின்றபடியே குடிப்பாள். தன் கல்யாணத்தன்றே மூன்று முறை எழுந்துபோய் மழை விட்டதா என்று பார்த்தவள். ஊற்றுக்கு மேலே நிற்கும் பெரிய மரத்தடியில் மட்டும், வேர்களுக்கு நடுவே உட்கார்ந்து, சோற்றுருண்டையைத் தின்று முடிக்கும்வரை அசையமாட்டாள்.

ஒரு அக்டோபரில் அந்த மரத்துக்கே ஆபத்து வந்தது. காளான் வளர்க்கும் கட்டைகளுக்காக இனுபுனா மரங்களை வெட்டலாம், அதே சாடையில் நிற்கும் இன்னொரு சாதியான புனாவைத் தொடக்கூடாது என்று ஊரில் முடிவாயிற்று. இனுபுனாவை வெட்டினாலும் அடியிலிருந்து கொத்தாகத் துளிர்க்கும்; புனா போனால் போனதுதான். வெட்டுகிற மரத்துக்குச் சிவப்பு நாடா, விடுகிற மரத்துக்கு வெள்ளை. கட்டுவது கினுயோ. ரம்பக்காரர்கள் மறுநாள் காலையில் வருவதாக இருந்தது.

காட்டுக் கமிட்டித் தலைவர் குமகாய் பெரிய மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"பட்டை கருப்பா இருக்கே. இனுபுனாதானே, அக்கா?"

"பாசி புடிச்சா உங்க மொட்டைத் தலையும் கருப்பாத்தான் இருக்கும். இனுபுனான்னா அடியில குருத்து எங்க?"

குருத்து ஒன்றுகூட இல்லை. கீழே கிடந்ததோ பல மரத்து இலைகளும் கலந்த சருகு.

"அப்போ மேலேருந்து ஒரு இலை பறிச்சு நரம்பை எண்ணிடுவோம்," என்றார் குமகாய். "ஒம்போது பத்து ஜோடின்னா புனா. பன்னெண்டைத் தாண்டினா செவப்பு."

கினுயோ மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். நாடாவைக் கையில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். திடீரென்று, அறுபத்திரண்டு வயதில், தாழ்ந்த கிளையைப் பிடித்து ஏறிவிட்டாள்.

"அண்ணி, எறங்குங்க! எலும்பு ஒடஞ்சா யாரு பாக்கிறது?" என்று கத்தினேன்.

"வாயை மூடுடி, எண்ணிக்கிட்டிருக்கேன்ல!"

இரண்டு தடவை எண்ணினாள். "ஒம்போது!" என்ற குரல் மேலிருந்து வந்தது.

"இலையைக் காட்டுங்க."

"வாய்ல போட்டு மென்னுட்டேனே. பசி."

குமகாய் தாடையைச் சொறிந்தார். வெள்ளை நாடா ஏறியது. மரம் இன்றும் நிற்கிறது.

இதுவரை எழுதியதைக் கினுயோவுக்குப் படித்துக் காட்டினேன். நின்றுகொண்டேதான் கேட்டாள்.

"ஒம்போது இல்லடி, பதிமூணு," என்றாள். "அடிக்குருத்தை வருஷா வருஷம் நறுக்கிப் போட்டதும் நான்தான். இல்லேன்னா எங்க உக்காருறது?"