முகம் பார்க்காமல் கொடுத்த மோர்

டொராண்டோவில் சனிக்கிழமைதோறும் ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில், வீடற்றவர்களுக்கு சூப் ஊற்றப் போவேன். ஒரு நாள் என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டு பாத்திரம் கழுவ அனுப்பிவிட்டார்கள். பொறுப்பாளர் மார்கரெட் தயங்கித் தயங்கிக் காரணம் சொன்னார். நான் யார் முகத்தையும் பார்ப்பதில்லையாம். தங்களை மதிக்கவில்லை என்று சாப்பிட வருகிறவர்கள் வருந்துகிறார்களாம். எங்கள் வீட்டு வழக்கம் அது என்று விளக்கப் பார்த்தேன். கூச்சம் தப்பில்லை, போகப் போகச் சரியாகிவிடும் என்று தோளைத் தட்டினார். அதற்கு மேல் என் ஆங்கிலம் ஒத்துழைக்கவில்லை. கழுவினேன். பிறகு முகம் பார்த்துச் சிரிக்கவும் பழகிக்கொண்டேன்.

மயிலாப்பூரில் அறுபத்துமூவர் உலா வரும் பங்குனி நாளில் அப்பா வடக்கு மாட வீதியில் நீர்மோர் ஊற்றுவார். தேனாம்பேட்டை ஆபீசுக்கு அன்று லீவு. இஞ்சியும் பெருங்காயமும் அவர் கையால்தான் விழ வேண்டும். பந்தலில் எங்கள் பெயர் மட்டும் இருக்கக் கூடாது. நீட்டுகிற கையைப் பார், முகத்தைப் பார்க்காதே என்பார். முகம் பார்த்தால் இன்னாருக்குக் கொடுத்தோம் என்று மனதில் தங்கிவிடும்; தங்கினால் அது நம்முடையதாகிவிடும், பகவானுக்குப் போய்ச் சேராது. அண்டா காலியானதும் உள்ளங்கையில் நீர் வார்த்து, ‘கிருஷ்ணார்ப்பணம்’ என்று தரையில் விடுவார். அத்தோடு சரி, வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே கிடையாது.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு தை மாதம், அப்பா போய்விட்டார். எனக்கு டிக்கெட் கிடைப்பதற்குள் தம்பி எல்லாவற்றையும் செய்து முடித்திருந்தான். நான் அழவில்லை. பற்றற்ற மனசு என்று டொராண்டோ நண்பர்கள் மெச்சினார்கள். எனக்கோ பல் டாக்டர் ஊசி போட்ட தாடை மாதிரி இருந்தது. அப்பா சொன்ன பற்றின்மை இதுதானா, இல்லை நான் வெறுமனே மரத்துப்போய்விட்டேனா என்று தெரியவில்லை. அது தெரியாமல் இருந்ததுதான் பயமாக இருந்தது.

பங்குனிக்கு ஊர் போய், அப்பா நின்ற இடத்தில் நின்றேன். மார்கரெட் பழக்கிய சிரிப்பு தானாக வந்தது. வாங்கியவர்கள் சங்கடத்துடன் நகர்ந்தார்கள். தலையைக் குனிந்துகொண்டேன். கைகள் வந்தன, போயின. உள்ளே ஒன்றும் அசையவில்லை. அப்போது கிரீஸ் படிந்த ஒரு கை தம்ளரை வாங்கியபடியே நின்றது.

“இன்னா நைனா, பெரியவரு வர்லியா? வருசா வருசம் அவரு கையாலதான் மோரு குடிச்சிக்கினு கீறேன். ஒரு தபா கூட நிமிந்து பாத்ததில்ல மனுசன்.”

நிமிர்ந்தேன். நரைத்த மீசை, காக்கிச் சட்டை. அப்பா தை மாதம் போய்விட்டார் என்று சொன்னேன். இத்தனை வருஷமும் அப்பா பார்க்காத முகம் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. காக்கிச் சட்டைக்காரர் மோரைக் குடித்துவிட்டுத் தம்ளரை மறுபடி நீட்டினார்.

“இன்னோண்ணு ஊத்து. அவரு பேர சொல்லி குடிக்கிறேன்.”

ஊற்றினேன். பாதி என் கைமேலேயே வழிந்தது.

அண்டா காலியானதும் அம்மா சொம்பில் தண்ணீருடன் வந்தாள். “கிருஷ்ணார்ப்பணம் சொல்லிட்டு ஆத்துக்கு வாடா.”

சொன்னேன். எல்லாவற்றையும் விட்டேன், அந்த இரண்டாவது தம்ளரைத் தவிர. அந்த மீசையையும் காக்கிச் சட்டையையும், பகவானுக்குக் கொடுக்காமல், டொராண்டோவுக்கு எடுத்து வந்துவிட்டேன்.