மீன் இல்லாத தொட்டி

போன சனிக்கிழமை ஒரு மீன் தொட்டி பார்க்கப் போனேன். ஆறடிக்கு மேல் நீளம். தெளிந்த தண்ணீர் சலசலவென்று ஓடிக்கொண்டிருக்கிறது… ஒரு மீன்கூட இல்லை.

“வாற கிழமை உடைக்கப்போறன்,” என்றார் யோகண்ணை.

வெக்ஸ்போர்ட்டில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருப்பவர் யோகண்ணை. குப்பை எடுக்கிற நாளுக்கு முதல் நாள் பின்னேரம் அவர் நடக்கப் போனால், வெறுங்கையோடு திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. யாரோ வீசிய மேசை, யாரோ வீசிய புல்லுவெட்டி – எல்லாவற்றுக்கும் அவர் வீட்டில் மறுவாழ்வு உண்டு. நான் இந்தப் பக்கத்தை எழுதுகிற எங்கள் பேப்பரும் அப்படித்தான். தமிழ்க் கடையில் சும்மா கிடைக்கிறது என்று கட்டாக அள்ளி வருவார். வாசிக்க அல்ல… பெயின்ற் சிந்தாமல் கீழே விரிக்க! என் படத்தின் மேல் இதுவரை எத்தனை நிறம் கொட்டியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

அவருடைய மனைவி றஞ்சி அக்கா. புற்றுநோய். கீமோவுக்குப் போகிற இடத்தில், காத்திருக்கும் அறையில், ஒரு மீன் தொட்டி இருந்தது. அதைப் பார்ப்பதற்காகவே அக்கா நேரத்தோடு போய்விடுவார். ஒருநாள் டொக்டர், இனி மருந்து பலன் தராது, வரத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார். யோகண்ணை உடைந்துபோய் நிற்க, அக்கா கேட்டது ஒரேயொரு கேள்வி.

“அப்ப மீன்?”

அன்று பின்னேரமே மனுசன் கண்ணாடி தேடக் கிளம்பிவிட்டார்.

யாரோ வீடு திருத்தியவர்கள், பின்வளவுப் பக்கம் இழுத்துத் திறக்கிற கண்ணாடிக் கதவைக் கழற்றித் தெருவோரம் சாத்தியிருந்தார்கள். அந்த மாதிரிக் கண்ணாடியை வெட்ட முடியாது. வெட்டப் போனால் உப்புக்கல்லாகக் கொட்டிவிடும். எல்லோரும் தொட்டிக்குத்தானே கண்ணாடி வாங்குவார்கள்? இவர் கண்ணாடிக்குத் தொட்டி கட்டினார். மற்றப் பக்கங்களுக்குப் பழைய அலுமாரிப் பலகை, உள்ளே தண்ணீர் ஊறாத கறுப்புப் பெயின்ற். ஐஸ்கிரீம் வாளியில் ஃபில்ற்றர். அக்காவுக்குப் படி இறங்க ஏலாது என்பதால் தொட்டியை ஹோலில் வைத்தார். பாரம் தாங்க, கீழே பேஸ்மென்ற்றில் யாரோ பிரித்துப் போட்ட பின்வளவு டெக் தளத்து மரங்களால் முட்டு. இடம் போதாமல் சோபாவைத் தெருவில் கொண்டுபோய் வைத்தார் – அவர் வீட்டிலிருந்து தெருவுக்குப் போன முதல் சாமான் அதுவாகத்தான் இருக்கும்.

தண்ணீர் நிறைந்தது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. மீன்?

“உடனை விடேலாது தங்கச்சி. தண்ணி பழக வேணும். கிழமைக்கணக்கா சும்மா ஓடவிட வேணும். இல்லாட்டி மீன் செத்துப்போம்.”

“ரெண்டு மீனை விட்டுத்தான் பாருங்கோவன், அண்ணை.”

“செத்து மிதந்தா? இவள் பாத்துக்கொண்டிருக்கேக்கை? வேண்டாம்.”



அக்கா போர்வையைச் சுற்றிக்கொண்டு தொட்டிக்கு முன்னால் கதிரையில் இருப்பார். காலையிலும் அங்கேதான், பின்னேரமும் அங்கேதான். ஒருநாள் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

“அப்பிடி என்னத்தையக்கா பாக்கிறியள்?”

அக்கா குரலைத் தாழ்த்தினார். “கண்ணாடியைப் பார். குசினியிலை நிக்கிற உவர் தெரியிறாரெல்லே?”

தெரிந்தார். எங்களுக்குப் பின்னால், சூப்பைக் கிண்டியபடி, சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தார்.

“நான் திரும்பினா உடனை துடைச்சுப்போட்டுச் சிரிப்பார். இதுக்குள்ளாலை பாத்தா… அழட்டும் எண்டு விடலாம். பாவம், நாள் முழுக்க எனக்காகச் சிரிக்கிற மனுசன்.” என் கையை இறுக்கிப் பிடித்தார். “சொல்லிப்போடாதை.”

மீன் வாங்கப் போவதாக இருந்த கிழமையில் அக்கா போய்விட்டார்.

யோகண்ணை தொட்டித் தண்ணீரை ஓடவிடும் பம்பை நிறுத்தவில்லை. மீனும் விடவில்லை. போன சனிக்கிழமை என்னை அந்தக் கதிரையில் இருத்திவிட்டுத் தேத்தண்ணி போடப் போனவர், குசினியில் நின்றபடியே சொன்னார்.

“ஒரு மீனைக்கூட நான் அவளுக்குக் காட்டேல்லை, தங்கச்சி. வெறும் தண்ணியைப் பாத்துப் பாத்தே போயிட்டாள். இதைப் பாக்கப் பாக்க… உடைக்கத்தான் வேணும்.”

சொல்லிவிட வாயைத் திறந்தேன். கண்ணாடியில் அவர் தெரிந்தார். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா பிடித்த பிடி நினைவுக்கு வந்தது. நான் திரும்பவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

வந்ததிலிருந்து மனம் ஆறவில்லை. தான் இருக்கும்வரைக்கும் சொல்லாதே என்றுதான் அக்கா சொன்னார் – இப்படி நானாகவே முடிவு கட்டிக்கொள்கிறேன். கோபித்தால் கோபிக்கட்டும்.

யோகண்ணை, கண்ணாடி கொட்டாமல் இருக்க எங்கள் பேப்பரைத்தானே கீழே விரிப்பீர்கள்? விரிக்க முதல், இந்த ஒரு பக்கத்தை வாசியுங்கோ.