நாலாவது பொத்தான்

சூசை உபதேசியார் இறந்த செய்தியை மஸ்கெலியாவுக்குக் கொண்டுவந்தவர் கொட்டகலையிலிருந்து வந்த பஸ்காரர். நான் பேக்கரியில் மா பிசைந்துகொண்டிருந்தேன். “ஜெயிலுக்கெல்லாம் போய் வருவாரே, அந்த உபதேசியாரு போய்ட்டாருங்க” என்றார். கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

உங்களுக்கு அவரை மாதா கோயிலில் தெரியும். எனக்குச் சிறைக்குள் தெரியும். றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கின் மண்டையைக் கோபத்தில் உடைத்து, மூன்று வருடம் உள்ளே கிடந்தவன் நான். மாதத்தில் ஒரு ஞாயிறு அவர் வந்து, பிள்ளையுள்ள தமிழ்க் கைதிகளை உட்காரவைத்து வகுப்பு எடுப்பார். செபம் சொல்லித் தருவார் என்றுதான் போனோம். அவரோ, “வெளிய போனதும் புள்ளைகிட்ட மொதல்ல என்னா கேப்பீங்க?” என்றார். “நல்லாப் படிக்கிறியான்னு கேப்போம்” என்றோம் எல்லோரும். “அட, அதக் கேக்கத்தான் வாத்தியார் இருக்காரே! ஒங் கூட்டாளி பேரு என்னான்னு கேளுங்க. அப்பன் கேக்குற கேள்வி அதுதான்.” தன் பிள்ளையின் கூட்டாளி பேர் எங்களில் ஒருவனுக்கும் தெரியவில்லை. என் மகள் செல்வராணிக்கு அப்போது நாலு வயது.

வகுப்புக்கு வருமுன் எங்கள் குடும்பங்கள் குடியிருந்த லயம் ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, பிள்ளைகளின் உயரத்தைச் சணல் கயிற்றில் அளந்து எடுத்துவருவார். முதல் தடவையே வாசலில் கயிற்றைப் பிடுங்கிக்கொண்டார்கள். சிறைக்குள் கயிறு கொண்டுபோகலாமா? மனிதருக்கு அது தோன்றவேயில்லை! அதற்குப் பிறகு பிள்ளைகளைத் தம்மோடு ஒட்டி நிறுத்தி, சட்டைப் பொத்தானில் அளவு பார்த்து வந்தார். எங்கள் முன்னால் நிமிர்ந்து நின்று, கீழிருந்து இரண்டாவது பொத்தானில் கை வைத்து, “இந்தா, ஒங்க மக இங்க நிக்கிறா” என்பார். சிரிப்போம். பிறகு அந்த உயரத்தில் காற்றைத் தடவிப் பார்ப்போம்.

விடுதலைக்கு எட்டு மாதம் இருக்கையில், தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தப்படி, மாமனார் வீட்டாருக்கும் என் மனைவிக்கும் மகளுக்கும் பாஸ்போர்ட் வந்தது. லயத்துக் காம்பராவைக் காலிசெய்யச் சொல்லிவிட்டார்கள். “போக விடாதீங்க சாமி” என்று அவர் காலைப் பிடித்தேன். “என்னால ஆகாதே தம்பி. நான் யாருகிட்டப் போய்க் கேப்பேன்?” என்று அவரும் அழுதார். எனக்கு அவர்மேல் ஆத்திரம்தான் வந்தது. இன்றைக்கு அதை நினைத்தால் வெட்கமாயிருக்கிறது.

அட்டன் ஸ்டேஷனுக்குப் போய் வழியனுப்பிவிட்டு, அடுத்த ஞாயிறே வந்தார். கீழிருந்து நாலாவது பொத்தானில் கை வைத்தார். “புதுச் சப்பாத்து போட்டிருந்தா. கழட்டச் சொல்லித்தான் அளந்தேன்.” பிறகு, “கூட்டாளி பேரு என்னான்னு அப்பா கேக்கச் சொன்னாருன்னேன். ‘அத அப்பா வந்தாத்தான் சொல்லுவேன்’னுட்டா” என்றார்.

நான் வெளியே வந்தபோது அவர்கள் போன ஊரும் தெரியாது, எனக்குப் பாஸ்போர்ட்டும் கிடையாது. இந்தியாவில் போய் இறங்கியவர்களை வைத்திருந்த முகாம்களுக்கெல்லாம் உபதேசியார் கடிதம் போட்டார். சில திரும்பி வந்தன, மற்றவை வரவில்லை. பிறகு இந்தியா போகும் கப்பலும் நின்றுவிட்டது. மாதம் ஒருமுறை பேக்கரிக்கு வந்து, “ஒண்ணும் வரல தம்பி” என்று சொல்லிவிட்டுப் போவார். அதைச் சொல்வதற்கென்றே பஸ் ஏறி வந்த மனிதர் அவர்.

பெட்டியில் வெள்ளைச் சட்டையோடு கிடத்தியிருந்தார்கள். எல்லோரும் நெற்றியைத் தொட்டார்கள். நான் கீழிருந்து எண்ணி, நாலாவது பொத்தானில் கை வைத்தேன். சட்டையைச் சரிசெய்கிறேன் என்று நினைத்து, பக்கத்திலிருந்த அம்மா, “சரியாத்தாங்க இருக்கு” என்றார்.

அவள் இப்போது என் தோளுக்கு வளர்ந்திருப்பாள். இந்தப் பாழும் கைக்கு அது தெரியவில்லை. உபதேசியார் எனக்கு விட்டுப்போனது ஓர் உயரமும் ஒரு கேள்வியும். கேள்வியைக் கொண்டுபோய்ச் சேர்க்க இனி ஆளில்லை.

ஒங் கூட்டாளி பேரு என்னா, கண்ணு?