தவிட்டுக்கு வந்த பெயர்

ஈரத் தவிட்டின் வாசனை மூக்கில் ஏறினால் உங்களுக்கு மாட்டுத்தொட்டி நினைவுக்கு வரலாம். எனக்கு என் விலை நினைவுக்கு வரும். எனக்கு முன் பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்காததால், நான் பிறந்த பதினோராம் நாள் அம்மா என்னை ஒரு முறத்தில் கிடத்தி, மலாக்காவின் காஜா பெராங்கில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்மணிக்கு விற்றுவிட்டார். அவர் வாத்துகளுக்கு வைத்திருந்த தவிட்டில் ஒரு படி கொடுத்து என்னை வாங்கி, தன் பெயரையே எனக்கு வைத்து, வளர்த்துத் தரும்படி அம்மா கையிலேயே திருப்பிக் கொடுத்தார். வேறு வீட்டுப் பிள்ளை என்று எமன் ஏமாந்து போக வேண்டும், அதுதான் ஏற்பாடு. "அன்னைக்கு வாத்துங்கதான் பட்டினி" என்பார் அப்பா.

அந்தப் பெயர் பாக்கியம். கொடுத்தவர் மலாக்காச் செட்டி, மலாய் மண்ணோடு கலந்துபோன பழைய தமிழ் வம்சம். கும்பிடுவது மாரியம்மனை, பேசுவது மலாய். அவர்கள் குடும்பத்தில் ஆணும் பெண்ணும் இந்தப் பெயரை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார்கள். தெங்கேராவில் மாட்டுவண்டி ஓட்டிய அவருடைய மீசைக்காரப் பெரியப்பாவும் பாக்கியம்தான். என்னை வாங்கியவரை நான் "மாக்" என்பேன், மலாயில் அம்மா.

மெர்டேக்கா, அதாவது நாட்டு விடுதலை, வந்த ஆண்டு எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் ஊர்வலத்துக்கு ஒத்திகை. புதிதாக வந்த ஆசிரியர் பட்டியலைப் பார்த்து, வகுப்பிலிருந்த இரண்டு பாக்கியங்களையும் கும்மி வரிசையில் சேர்த்துவிட்டார். மற்றவள் நிஜமாகவே சிறுமி. "டேய் பாக்கியம், பாவாடை எங்கடா?" என்று பையன்கள் கத்தினார்கள். எனக்குக் காது இரண்டும் கொதித்தன.

"சார், என் பேரு பாஸ்கரன் சார். பட்டியல்ல தப்பா எழுதிட்டாங்க" என்றேன். நாடே விடுதலை பெறும்போது நான் மட்டும் பெயருக்கு அடிமையாக இருப்பதா என்பது என் வீர எண்ணம். அவரும் திருத்திக்கொண்டார்.

மறுநாள் ஒத்திகையின்போது வேலிக்கு வெளியே சாரோங் கெபாயாவில் மாக் நின்றார். கையில் எனக்குப் பிடித்த லெப்பாட், வாழையிலையில் சுற்றி அவித்த பழப்பலகாரம். "பாக்கியம்! ஓய், பாக்கியம்!" என்று என்னைப் பார்த்துக் கையசைத்தார்.

"யாருப்பா அந்தம்மா? உன்னையா கூப்பிடுறாங்க?" என்றார் ஆசிரியர்.

"தெரியாது சார்."

சத்தமாகத்தான் சொன்னேன். மாக்குக்குத் தமிழ் வராது. ஆனால் "தெரியாது" தெரியும். தமிழ் பேசுபவர்களிடம் அவர் அடிக்கடி சொல்லும் ஒரே சொல் அதுதான். அசைந்த கை இறங்கியது. பலகாரத்தை அந்தச் சிறுமி பாக்கியத்திடம் கொடுத்துவிட்டுப் போனார். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாகத் தின்று தீர்த்தாள்.

சாயங்காலம் மாக் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, சண்டை போடத்தான் வருகிறார் என்று கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவர் கையில் முறம், முறத்தில் தவிடு. முகத்தில் கோபமே இல்லை, பயம். கூப்பிட்டும் வரவில்லை, பெயர் போய்விட்டதே, இனி இந்தப் பிள்ளையை எது காக்கும் என்று மலாயில் அம்மாவிடம் கேட்டார். இப்போது என்ன பெயர் என்றும் கேட்டார். மறுபடி வாங்க வந்திருந்தார்.

அம்மா என் காதைத் திருகி இழுத்துவந்தார். "ஒனக்கு முன்ன ரெண்டு போச்சுடா. இவ கை பட்டுத்தான் நீ நின்ன. சொல்லு, பேரக் கேக்குறா இல்ல?"

பாக்கியம் என்று சொல்ல அப்போதும் நேரமிருந்தது. "பாஸ்கரன்" என்றேன்.

"பாஸ்காரான்," என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, தவிட்டை அம்மாவின் முந்தானையில் கொட்டி, வெறும் முறத்தில் என்னை உட்கார வைத்தார். ஒன்பது வயது உடம்புக்கு முறம் படக்கென்று விரிசல் விட்டது. யாரும் சிரிக்கவில்லை. அதன்பின் இறக்கும்வரை அவர் என்னைக் கூப்பிடும்போதெல்லாம் "பா" என்றதும் நாக்கு ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் மேலே போகும்.

இப்போது அந்த வாத்துக் கொட்டகை இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. பிள்ளைகளுக்கு யாரும் பாக்கியம் என்று பெயர் வைப்பதில்லை, ஆணுக்கும் இல்லை, பெண்ணுக்கும் இல்லை. சென்ற மாதம் மருத்துவமனை வரிசையில் தாதி "பாக்கியம்!" என்று கூப்பிட்டதும், அறுபது வருடத்துக்கும் மேலாகப் பாஸ்கரனாக இருக்கும் நான் விருட்டென்று எழுந்துவிட்டேன். எதிரே கைத்தடியோடு ஒரு கிழவியும் எழுந்தாள்.

"அங்கிள், நீங்களா பாக்கியம்?"

எல்லோரும் பார்த்தார்கள். "இல்லம்மா," என்று சொல்லி உட்கார்ந்துகொண்டேன்.

மாக் இருந்திருந்தால், அன்று சாயங்காலமே தவிட்டோடு வந்திருப்பார்.