ராசாத்தாளிடம் யாரும் சொல்லாதது

சிங்காநல்லூர்ப் பக்கத்து மில் ஒன்றில் நூல் சுற்றும் வேலை ராசாத்தாளுக்கு. 1957இல் அவளுக்கு இருபத்தாறு வயது. இயந்திர இரைச்சலில் யாரிடம் பேசுவதென்றாலும் காதருகே வாயை வைத்துக் கத்த வேண்டும். ராசாத்தாள் கிட்டே போனால் மட்டும் பெண்கள் தலையைத் திருப்பிக்கொள்வார்கள். கையாலேயே பதில் சொல்லி அனுப்பிவிடுவார்கள். தன்னைக் கண்டால் அவர்களுக்கு ஏன் ஆகவில்லை என்று அவளுக்குப் புரியவில்லை.

வீட்டிலும் அதே கதைதான். கல்யாணமான மறுவருஷமே கணவன் மயில்சாமி சுவரைப் பார்த்துப் படுக்கத் தொடங்கினான். யாரோ தங்களைப் பிரித்துவிட்டார்கள் என்று நம்பி, ஆனைமலைக்குப் போய் மாசாணியம்மன் சன்னதியில் நியாயம் கேட்டு மிளகாய் அரைத்துவிட்டு வந்தாள். இரண்டு நாள் கை எரிந்தது.

ஒருநாள் சாப்பாட்டு வேளையில், மேஸ்திரி அங்கப்பன் சிவப்புப் பெயிண்ட் பூசிய தம்ளர் ஒன்றை அவள் முன்னால் வைத்தார்.

"இனிமே நீ இதுல குடி அம்மணி."

"எனக்கு மட்டும் எதுக்குங்க?"

"வாய் நாறுதாம். பக்கத்துல இருந்து சோறு திங்க முடியலைங்கறாங்க."

இரண்டு பேர் சிரித்தார்கள். ராசாத்தாள் பக்கத்திலிருந்த காளியாத்தாளைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியுமக்கா. நான் வேலைக்குச் சேந்ததுல இருந்தே."

காளியாத்தாள் வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது.

வீட்டுக்குப் போனதும் சோற்றுக்கு உட்கார்ந்திருந்த மயில்சாமியின் முன்னால் நின்றாள்.

"ஏனுங்க, என்ற வாய் நாறுமா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "சொன்னாச் சங்கடப்படுவியேன்னுதான் புள்ள..."

"அஞ்சு வருசமாச் செவுத்தப் பாத்துப் படுத்தீங்களே, அது சங்கடமில்லீங்களா? மொளகா அரச்சு என்ற கை எரிஞ்சுதே, அப்பவாச்சும் சொல்லியிருக்கலாமுங்களே!"

குழம்புச் சட்டியைத் தூக்கி வாசலில் வீசினாள்.

விஷயம் வெளிப்பட்டதும், அதுவரை பேசாதிருந்தவர்களுக்கெல்லாம் வாய் முளைத்தது. வயிற்றுச் சூடு என்றார்கள். நாட்டு வைத்தியர் ஒருவர் மூன்று நாள் பேதிக்குக் கொடுத்து அவளை நிற்க முடியாமல் செய்தார். இராப்பகலாகக் கிராம்பை மென்றாள். செங்கல்தூளை வைத்து ஆத்திரம் தீரத் தேய்த்ததில் ஈறெல்லாம் ரத்தம். நாற்றம் போகவில்லை.

மறுவருஷம் பல் ஒன்று ஆடத் தொடங்கியது. டவுனில் பல் வைத்தியம் பார்த்த டாக்டர் வெங்கடபதியிடம் போனாள். அவர் ஈறை விரலால் அழுத்திக் கண்ணாடியில் காட்டினார். சீழ் வந்தது.

"வயித்துல ஒண்ணுமில்லம்மா. இது பயோரியாங்கற ஈறு வியாதி. பல்லடியில காரை ஏறிக் கெடக்குது. முன்னமே வந்திருந்தா இந்தப் பல்லும் பக்கத்துப் பல்லும் தப்பிச்சிருக்கும்."

"முன்னமே தெரியாதுங்க. தெரிஞ்சவங்க யாரும் சொல்லலீங்க."

இரண்டு பல்லைப் பிடுங்கி, நாலு தடவை வரச் சொல்லிக் காரையைச் சுரண்டி எடுத்தார். அடியோடு விட்டுப்போகாது, பார்த்துக்கொண்டேதான் இருக்க வேண்டும், ஆறு மாசத்துக்கு ஒருமுறை வர வேண்டும் என்றார்.

அன்றிலிருந்து எது தின்றாலும் உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்தாள். செங்கல்தூளை விட்டு பிரஷ் வாங்கினாள். தினமும் காலையில் மயில்சாமியின் தாடையைப் பிடித்து நிறுத்தி, முகத்துக்கு நேராக ஊதினாள்.

"உள்ளதச் சொல்லுங்க."

"இன்னிக்கு இல்ல புள்ள."

அவன் பேச்சை நம்பாமல் மில்லில் காளியாத்தாளிடமும் ஊதிக் கேட்டாள். சில நாள் நாற்றம் இருந்தது. இருந்தால் இருக்கிறது என்று காளியாத்தாள் சொல்லிவிடுவாள். ராசாத்தாளுக்கு அது போதும். மயில்சாமி சுவரைப் பார்த்துப் படுப்பதை விட்டுவிட்டான். ஆனால் பழைய ஐந்து வருஷத்தை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சு கொதித்தது. அவன் எத்தனை சமாதானம் சொன்னாலும் அது ஆறவில்லை.

1961இல் பல் டாக்டரிடம் போக அரைநாள் லீவு கேட்டாள். "பல்லுக்கெல்லாமா லீவு?" என்று அங்கப்பன் சிரித்தார். அவள் லீவுச் சீட்டை எடுத்துக்கொண்டு நேரே மானேஜர் அறைக்குப் போனாள். மேஜையருகே நின்று அவள் பேச வாயெடுத்ததும், மானேஜர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார்.

"சாயாதீங்க! நாறுச்சுன்னா நாறுதுன்னு மொகத்துக்கு நேராச் சொல்லுங்க. சொல்லாம நகந்து நகந்து போனவங்களாலதான் எனக்குப் பல்லுப் போச்சு. நாறுதுங்களா?"

மானேஜர் மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இல்லம்மா."

"அப்பக் கையெழுத்துப் போடுங்க. ஆறு மாசங்கழிச்சு மறுபடியும் வருவனுங்க."

அவர் பேனாவை எடுத்தார்.